ஈஸ்ட்டுக்கு நான் சொன்ன தமிழ்

எங்கள் தீவில் டெய்ரி ஃபார்ம் பகுதியிலோ ஷாதிபூரிலோ ஒரு வீட்டுக் குளியலறையில் தண்ணீர் தேங்காமல் வடிகிறது என்றால், அந்தத் தரையைக் காத்தமுத்து போட்டிருப்பான் என்று தைரியமாகச் சொல்லலாம். பரமக்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பத்தொன்பது வயதில் கப்பலேறி வந்தவன். இப்போது முப்பத்துமூன்று ஆகிறது. டைல்ஸ் வேலைக்குக் கூப்பிட்டால் வருவான். சொன்ன நாளில் வரமாட்டான், ஆனால் வருவான். அவன் இந்தி பேசுவதைக் கேட்டால் இங்கேயே பிறந்தவன் என்று நினைப்பார்கள். எழுத்து என்று வந்தால் தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பான்.

அவன் போட்ட தரைகளைப் பற்றி எழுதினால் அவனுக்குச் சந்தோஷமாக இருக்கும். நான் எழுதப்போவது அவன் ஒரு டைல்கூடப் போடாத சில வாரங்களைப் பற்றி. என் பெயர் ஜெயலட்சுமி. அரசுப் பள்ளியில் தமிழ் டீச்சர். என் வீட்டின் கீழ்ப் போர்ஷனில்தான் அவன் குடும்பம் இருக்கிறது. நடந்த கூத்தில் எனக்கும் பங்கு உண்டு. நல்ல பங்கு இல்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் கடைசியில் அவன் மனைவி கார்த்திகாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடிப்படி ஏறி என் வீட்டுக்கு வந்தவள் பேச முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை, ஆபரேஷன் செய்யவேண்டும், மெயின்லேண்டுக்கு, சென்னைக்கு, ரெஃபர் செய்கிறோம் என்றார்கள். ரெஃபர் என்றால் கடல் தாண்டிப் போகவேண்டிய வியாதி என்று தீவில் எல்லோருக்கும் தெரியும். சென்னையில் கார்த்திகாவின் தம்பி பிரவீன்குமார், வேறு நான்கு பையன்களோடு ஒரே அறையில் இருந்தான். ஒன்பது மாதக் குழந்தையை அங்கே வைத்துக்கொள்ள முடியாது, ஆஸ்பத்திரி வார்டுக்குள்ளும் விடமாட்டார்கள். தாய் சாப்பிடும் மாத்திரைகளால் தாய்ப்பாலும் நின்றுவிட்டது. குழந்தை ரூபா அப்பனோடு இருக்கட்டும் என்று முடிவானது. ஏர்போர்ட்டில் கார்த்திகா திரும்பிப் பார்க்காமலே உள்ளே போனாள். பார்த்திருந்தால் போயிருக்க மாட்டாள்.

முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் போனது. காத்தமுத்து வேலையை அடியோடு விட்டுவிட்டு வீட்டில் இருந்தான். புட்டிப்பால் கலக்கக் கற்றுக்கொண்டான், மாவு அரைக்கக் கற்றுக்கொண்டான். இட்லியைப் பருப்புத் தண்ணீரில் பிசைந்து ஊட்டினால் ரூபா வாயைத் திறப்பாள். வேறு எதைக் கொடுத்தாலும் அவன் சட்டையில் துப்புவாள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கார்த்திகா வீடியோ காலில் வருவாள். குழந்தை தரையில் உட்கார்ந்து எதையாவது தட்டிக்கொண்டிருக்கும். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அதிகம் பேசமாட்டாள்.

மே நடுவில் மழை இறங்கியது. எங்கள் ஊர் மழை இறங்கினால் துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. ரூபாவுக்குச் சளி, காய்ச்சல். ஐந்து நாள் ஆன்டிபயாடிக் சிரப் கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டது, வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. வீட்டில் இருந்த இடுப்புத்துணி எல்லாம் ஈரமாகத் தொங்கவே, காத்தமுத்து அபர்டீன் பஜாருக்குப் போய் டயப்பர் வாங்கிவந்தான்.

"நல்லா உறிஞ்சுது டீச்சர். ஆறு மணி நேரம் ஆனாலும் வெளிய ஈரமே தெரியல" என்று பெருமையாகச் சொன்னான்.

வெளியே தெரியவில்லை, சரி. உள்ளே என்ன ஆகிறது என்று நானாவது கேட்டிருக்கலாம். நான் இரண்டு பிள்ளைகளைத் துணிகட்டி வளர்த்தவள். டயப்பர் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் இல்லை.

நாலாம் நாள் அவன் என்னைக் கீழே கூப்பிட்டான். டயப்பரைக் கழற்றிக் காட்டினான். பின்பக்கம் சிவந்திருந்தது. "இதுக்குப் போயா கூப்பிட்டே? பவுடர் போடு, போயிடும்" என்றேன். அவன் சொன்னபடியே பவுடர் போட்டான், வஞ்சனையில்லாமல் போட்டான். கடையில் டயப்பர் புண்ணுக்கு என்று வெள்ளையாக ஒரு களிம்பு கொடுத்தார்கள், அதையும் மேலே அப்பினான். இரண்டு நாள் போனது, மூன்று நாள் போனது. சிவப்பு குறையவில்லை, இடம் பிடித்துக்கொண்டே போனது. தொடை இடுக்கு மடிப்புகளுக்குள் ரத்தச் சிவப்பாகப் பளபளத்தது. ஓரம் மட்டும் கொஞ்சம் தடித்து, வரைந்து வைத்த மாதிரி தெரிந்தது. அந்த ஓரத்தைத் தாண்டித் தனித்தனியாகச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். சிறுநீர் போகும்போதெல்லாம் ரூபா உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு கத்தினாள். அந்தக் கத்தல் மாடிக்குக் கேட்கும். நான் அடுப்படியில் கையில் கரண்டியோடு அப்படியே நிற்பேன்.

கார்த்திகாவிடம் சொல்லவில்லை. அவளுக்குக் குறித்திருந்த ஆபரேஷன் தேதி, பிரஷர் ஏறியதால் ஒருமுறை தள்ளிப்போயிருந்தது. ஜூன் எட்டு என்று மறுபடி குறித்திருந்தார்கள். சாயங்காலம் போன் வந்தால் காத்தமுத்து குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முகத்தை மட்டும் காட்டினான்.

"ஏங்க, பாப்பாவ ஏன் தூக்கியே வச்சிருக்கீங்க?"

"சளில்ல? எறக்கிவிட்டா சிணுங்குது."

எனக்குப் பள்ளி விடுமுறை. மறுநாள் காலை ஆட்டோ பிடித்து மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தைகள் ஓ.பி.யில் நாற்பது பேருக்கு மேல் வரிசை. டாக்டர் ஒரு பெங்காலி அம்மாள், கண்டிப்பானவர். டயப்பரைக் கழற்றிப் பார்த்ததுமே தலையை ஆட்டினார்.

"யே மாமூலி ரேஷ் நஹி ஹை. யீஸ்ட் இன்ஃபெக்‌ஷன் ஹை" என்றார். இது சாதாரணப் புண் இல்லை, ஈஸ்ட் தொற்று என்று சொல்லிவிட்டு, சாதாரண டயப்பர் புண் என்றால் மடிப்புக்குள் போகாது, துணி உரசும் இடத்தில் மட்டும்தான் இருக்கும், மடிப்புக்குள் போயிருக்கிறது பாருங்கள், சுற்றிலும் புள்ளி இருக்கிறது பாருங்கள் என்று விரலால் காட்டினார். ஆன்டிபயாடிக் கொடுத்த குழந்தைகளுக்கு இது வருவது சகஜமாம். ஒரு களிம்பு எழுதிக் கொடுத்து, மூன்று வேளை போடுங்கள், பவுடரைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். எல்லாம் இரண்டு நிமிஷம்.

ஆட்டோவில் வரும்போது காத்தமுத்து கேட்டான். "யீஸ்ட்னா என்னா டீச்சர்?"

தமிழ் டீச்சரிடம் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டுவிட்டான். என்னால் சும்மா இருக்க முடியுமா? அது ஒரு நுண்ணுயிரி என்று ஆரம்பித்தேன். அவன் முகம் மாறவில்லை. புரியும்படி சொல்லவேண்டும் என்று, "ரொட்டி மாவுல போடுவாங்களே, மாவைப் புளிக்கவச்சு உப்ப வைக்குமே, அதுதான் ஈஸ்ட்" என்றேன்.

"புளிச்ச மாவா?"

"ஆமா, அந்த மாதிரி." எனக்கு என் எளிமையில் திருப்தி. வகுப்பில் இப்படித்தான் சொல்லிக்கொடுப்பேன்.

அவன் ரூபாவை மடியில் குப்புறப் போட்டு, வண்டி குலுங்கும்போதெல்லாம் தன் கையை அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு வந்தான்.

அதற்கடுத்த நான்கு நாளை நினைத்தால் எனக்கு இன்னும் என் மேலேயே கோபம் வருகிறது. புது மருந்து வந்துவிட்டது, இனி அடங்கிவிடும் என்று நான் மாடியில் இருந்துகொண்டேன். அழுகை அடங்கவில்லை. வர வர அது வேறு மாதிரி ஆனது, தெம்பில்லாமல் இழுத்துக்கொண்டே போனது. நாலாம் நாள் இறங்கிப் போனேன். காத்தமுத்து ஒரு கிண்ணத்தில் பிஸ்கட்டை வெந்நீரில் கரைத்து ஊட்டிக்கொண்டிருந்தான். ரூபா முகத்தைத் திருப்பினாள். கன்னம் வற்றிப்போயிருந்தது.

"இட்லி எங்கே?"

"நிப்பாட்டியாச்சு டீச்சர்."

"ஏன்?"

"நீங்கதான சொன்னீங்க, புளிச்ச மாவுலருந்து வருதுன்னு. அன்னிக்கே மாவு பூராத்தையும் கொண்டுபோயிக் கொட்டிட்டேன். தயிரும் கெடையாது. நான்கூடத் திங்கல, கையில ஒட்டியிருந்து பிள்ளைக்குப் போயிருச்சுன்னா?"

களிம்பு என்ன ஆயிற்று என்று கேட்டேன். டியூப் முக்கால்வாசி அப்படியே இருந்தது. முதல் இரண்டு நாள் போட்டிருக்கிறான், சிவப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது. "உள்ள இருந்து வர்றதுக்கு வெளிய பூசி என்னா டீச்சர் ஆவப்போவுது? தொட்டாலே உசுரு போற மாதிரி கத்துறா. வலிக்கிற பிள்ளைய எதுக்கு மேல மேல தொடணும்னு விட்டுட்டேன்." சொல்லும்போது அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நான் சொன்னதை ஒழுங்காகச் செய்த மாணவனைப்போல என் முகத்தைப் பார்த்தான். இட்லி ஒன்றைத்தான் அந்தக் குழந்தை விரும்பிச் சாப்பிடும். அதையும் நான் நிறுத்தவைத்துவிட்டேன்.

டயப்பரை நானே கழற்றினேன். புள்ளிகள் வயிற்றுவரை வந்திருந்தன.

அதே டாக்டர். இந்த முறை வாயையும் திறந்து பார்த்தார். நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கமும் தயிர் ஒட்டியது போல வெள்ளை. பால் மிச்சம் என்று நான் நினைத்திருப்பேன். அவர் துணியால் துடைத்துக் காட்டினார், போகவில்லை. அதுவும் இதே கிருமிதான், வாயிலும் இருக்கிறது, அதனால் விழுங்கவும் வலித்திருக்கும் என்றார். எடை பார்த்தார். காய்ச்சலின்போது எழுதியிருந்த எடையை எடுத்துப் பார்த்தார். என்ன சாப்பிடக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். காத்தமுத்து பால் என்றான், பிஸ்கட் என்றான், இட்லி நிறுத்திவிட்டேன் என்றான்.

"இட்லி கிஸ்னே பந்த் கர்வாயா?" என்று சத்தம்போட்டார். இட்லியை நிறுத்தச் சொன்னது யார் என்று அவர் கேட்டதும் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் எட்டிப்பார்த்தார்கள்.

நான் வாயைத் திறக்குமுன் காத்தமுத்து, "மைனே, மேடம். மேராஹி திமாக்" என்றான். நான்தான் மேடம், என் புத்திதான்.

நான் பக்கத்தில் நின்றேன். முப்பது வருஷம் பாடம் நடத்திய வாய், அப்போது திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

டாக்டர் இந்தத் தடவை உட்காரவைத்துச் சொன்னார். இந்தக் கிருமி எல்லார் தோலிலும் குடலிலும் சும்மா கிடக்கும். ஈரமும் சூடும் இருட்டும் கிடைத்தால் பெருகும், டயப்பருக்குள் மூன்றும் இருக்கிறது. இட்லிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஈரமானதும் மாற்றவேண்டும், வெறும் வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, நன்றாகக் காய்ந்தபிறகு களிம்பை மெல்லிசாகப் போடவேண்டும். அது ஊறியபின் கடையில் வாங்கிய வெள்ளைக் களிம்பைக் கனமாகப் போடலாம். ஒரு நாளில் முடிந்த நேரமெல்லாம் ஒன்றும் கட்டாமல் காற்றாட விடவேண்டும். வாய்க்குச் சொட்டு மருந்து. பார்க்க நன்றாகிவிட்டது என்று நடுவில் நிறுத்தக்கூடாது, புண் ஆறிய பிறகும் சில நாள் போடவேண்டும். ஒரு வாரத்தில் குறையவில்லை என்றாலோ, காய்ச்சல் வந்தாலோ, சீழ் வைத்தாலோ உடனே தூக்கிவரவேண்டும். நான் எல்லாவற்றையும் தமிழில் எழுதிக்கொண்டேன். எந்தச் சொல்லுக்கும் விளக்கம் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் வேறு வேலையே நடக்கவில்லை. மழை விடாததால் துணியை இஸ்திரிப்பெட்டியால் காயவைத்தோம். கரண்ட் போனால் விசிறியால் விசிறினோம். கட்டாமல் விட்டதால் ரூபா பாய், தலையணை, அப்பன் மடி என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அதற்கெல்லாம் அவன் அசரவில்லை. களிம்பு போடும் நேரம் வந்தால்தான் தயங்கினான். பதினாலு வருஷம் சிமெண்டில் ஊறிய விரல்கள், நுனியெல்லாம் வெடித்துச் சொரசொரப்பாக இருக்கும். அது பட்டாலே குழந்தை துடித்தது. ஒருநாள் காலை நான் போனபோது, டைல் ஓரத்தைத் தேய்க்கும் உப்புத்தாளை வைத்துத் தன் விரல் நுனியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். இரண்டு விரலில் ரத்தம் கசிந்தது.

"என்ன காத்தமுத்து இது?"

"வழுவழுன்னு ஆயிருச்சுன்னா வலிக்காதுல்ல டீச்சர்."

நான் அந்தத் தாளைப் பிடுங்கி வெளியே எறிந்தேன். கத்தினேன்கூட. ரத்தக் கையால் குழந்தையைத் தொடுவாயா, உனக்கு மூளை இருக்கிறதா என்று. பிறகு என் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் களிம்பை நானே போட்டேன். ரூபா என்னிடம் அவ்வளவாகக் கத்தவில்லை. அவன் வாசற்படியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். அதைவிட மோசம், அவன் துணியோடு கிட்டே வந்தாலே குழந்தை காலை இழுத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். ஒரு மாதமாக ராவும் பகலும் தூக்கிச் சுமந்தவன் அவன். அவளுக்கு அவன் கை என்றால் எரிச்சல் என்று பதிந்துவிட்டது. "என்னயப் பாத்தா பயப்படுறா டீச்சர்" என்று சொன்னபோது அவன் அழவில்லை, சிரிக்க முயன்றான். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை, மேலே போய்விட்டேன்.

மூன்றாம் நாள் புள்ளிகள் மங்கின. ஐந்தாம் நாள் மடிப்புகளில் இருந்த பளபளப்பு போய் இளஞ்சிவப்பானது. நாக்கு சுத்தமானது. ஊட்டியதை விழுங்கினாள். அன்று ஜூன் ஏழு. மறுநாள் கார்த்திகாவுக்கு ஆபரேஷன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, ஜூலை கடைசியில் கார்த்திகா திரும்பி வந்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த எட்டாம் தேதி காலையில் எங்களுக்கு அது தெரியாது.

ஏழு மணிக்குப் பிரவீன்குமாரின் போனிலிருந்து அழைப்பு வந்தது. கார்த்திகா பச்சைத் துணியில், தலையில் தொப்பியோடு படுத்திருந்தாள். காத்தமுத்து வழக்கம்போலக் குழந்தையைத் தோளில் தூக்கிக் காட்டினான்.

"கீழ உக்கார வைங்களேன்" என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் பாய்மேல் ஒரு பழைய வேட்டியை மடித்துப் போட்டேன். அவன் மெதுவாக இறக்கினான். ரூபா உட்கார்ந்தாள். முகம் சுளிக்கவில்லை. பக்கத்தில் கிடந்த டப்பா மூடியை எடுத்துத் தரையில் தட்டினாள்.

கார்த்திகா ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "புண்ணு ஆறிருச்சா?" என்று கேட்டாள்.

அவன் தலையை ஆட்டினான்.

"ரெண்டு வாரமா புள்ள தரையில உக்காரல. சளிங்கிறீங்க, மூக்குல தண்ணியும் இல்ல. புண்ணாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

"நீ ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க ஒடஞ்சு போயிருவீங்கள்ல. தனியா இருக்கீங்க."

காத்தமுத்து போனைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். நெஞ்சைத் திறக்கப்போவது அவளுக்கு. ஆறுதல் சொன்னதும் அவள்தான். "அழாதீங்க. பாப்பா பாக்குது பாருங்க" என்றாள். யாரோ நர்ஸ் போனைக் கேட்டார். திரை கறுத்தது.

அதற்குப்பின் எங்களுக்கு எந்த வேலையும் இல்லை. சென்னையில் நடப்பதற்கு இங்கிருந்து எதையும் கழுவமுடியாது, காயவைக்க முடியாது. அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நானும் உட்கார்ந்தேன். எட்டு மணி, ஒன்பது மணி. எதையாவது பேசவேண்டும்போல இருந்தது, ஆஸ்பத்திரியில் சொல்லாமல் விட்டதையே முதலில் எடுத்தேன். "காத்தமுத்து, இட்லியை நிறுத்தவச்சது நான். ஆஸ்பத்திரியில நீ உன் மேல போட்டுக்கிட்டே. தப்பாச் சொன்னது நான்தான்" என்றேன்.

"விடுங்க டீச்சர்" என்றான். டப்பா மூடியை ரூபாவின் பக்கம் தள்ளிவிட்டான். "நீங்க சொன்னது எனக்கு அன்னிக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அவ அங்க கெடக்கா, இவ இங்க கத்துறா, எங்கையில ஒண்ணுமே இல்ல. மாவு ஒண்ணு என் கையில இருந்துச்சு, கொண்டுபோயிக் கொட்டுனேன்."

போன் அடிக்கவில்லை. அவன் அதை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி தரையில் வைத்தான்.

"இப்பவும் எதையாச்சும் நிப்பாட்டச் சொல்லுங்க டீச்சர்" என்றான். "நிப்பாட்டிப்புடுறேன்."

நான் மாடிக்குப் போய் என் வீட்டு இட்லி மாவை எடுத்துவந்தேன்.